ஆரஞ்சு: ஒரு பழத்துக்கு ஐரோப்பாவில் எத்தனை பெயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனோ பிரெஞ்சோ படிக்க ஆரம்பித்தவர்கள் முதல் மாதத்திலேயே பழங்களின் பெயர்களுக்கு வந்துவிடுவார்கள். ஆப்பிள், திராட்சை எல்லாம் சிக்கலில்லாமல் போய்விடும். ஆரஞ்சுக்கு வந்ததும் சந்தேகம் தொடங்கும். ஸ்பெயினில் நரங்ஹா, ஸ்வீடனில் அபெல்சீன், கிரேக்கத்தில் போர்டோகாலி, போலந்தில் பொமராஞ்ச்சா. பழம் ஒன்றுதான், பெயர் ஏன் இப்படி ஆளுக்கொன்றாக இருக்கிறது?

என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தந்த ஊர்க்காரர்கள் இந்தப் பழத்தை யார் கையிலிருந்து வாங்கினார்கள் என்பதை அதன் பெயரே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆரஞ்சு என்ற சொல் எங்கிருந்து கிளம்பியது?

இந்தியாவிலிருந்து. சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ஜ். அரபு மொழி பேசியவர்கள் 10, 11ஆம் நூற்றாண்டு வாக்கில் சிசிலித் தீவிலும் ஸ்பெயினிலும் இந்த மரத்தை நட்டார்கள். மரத்தோடு சொல்லும் அங்கே வேர் விட்டது. ஸ்பானிய மொழியில் நரங்ஹா, போர்ச்சுக்கீசியத்தில் லரான்ஷா, இத்தாலியில் அரான்ச்சா, தெற்குப் பிரான்சின் பழைய மொழியான ஆக்ஸிட்டனில் அவுரஞ்சா, பிரெஞ்சில் ஒரான்ஷ் என்று ஆனது. ஆங்கிலேயர்கள் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டோம்.

பழம் பிறந்தது இந்தியாவின் வடகிழக்கு, தென் சீனா, தென்கிழக்கு ஆசியா என்று விரியும் பகுதியில். இன்று நாம் சாப்பிடும் இனிப்பு ஆரஞ்சு, பம்பளிமாசும் மாண்டரினும் கலந்து உருவான கலப்பினம்.

அப்படியானால் அது தமிழ்ச் சொல்தானே? நாரத்தையிலிருந்து வந்தது என்கிறார்களே?

இதைக் கேட்காதவர்களே இல்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நாரங்க என்ற சொல்லுக்குச் சமஸ்கிருதத்துக்குள்ளேயே திருப்தியான வேர் கிடைக்கவில்லை. திராவிட மொழிகளிலோ ஒரு குடும்பமே இருக்கிறது. தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரங்ங, தெலுங்கில் நாரிஞ்ஜ. மலையாளத்தில் எலுமிச்சைக்கே செறுநாரங்ங என்றுதான் பெயர். அதனால் சமஸ்கிருதம் இந்தச் சொல்லைத் திராவிட மொழி ஒன்றிலிருந்து எடுத்திருக்கக்கூடும் என்று சொற்பிறப்பு அகராதிகள் பலவும் சொல்கின்றன. 'இருக்கக்கூடும்' என்ற அந்தச் சொல்லை நாம் விழுங்கிவிடக் கூடாது. தமிழ் மட்டுமே மூலம் என்று எழுதுவது அகராதி சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிப்பது.

இன்னொரு விளக்கமும் உண்டு. 'நாறும் காய்', அதாவது மணக்கும் காய் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். நாறு என்றால் இன்று கெட்ட வாடைதான். ஆனால் 'கற்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று ஆண்டாள் கேட்டது நறுமணத்தை. பொருள் அழகாகப் பொருந்துகிறது. நாரத்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கியவர்களுக்குத் தெரியும், கத்தி தோலில் இறங்கும்போது தெறிக்கும் எண்ணெய் விரலில் ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாயங்காலம் வரை விடாது. இருந்தாலும் நாரத்தையில் இருப்பது இடையின ர, நாறு என்பதில் இருப்பது வல்லின ற. பழைய தமிழில் இரண்டும் தெளிவாக வேறு வேறு ஒலிகள். இந்த முடிச்சை அவிழ்க்காமல் அந்த விளக்கத்தை முடிந்த முடிவாக என்னால் ஏற்க முடியவில்லை.

நாரத்தையும் ஆரஞ்சும் சொல்லளவில் உறவு என்பது வரை தைரியமாகச் சொல்லலாம். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

நாரங்கவில் இருந்த 'ந' எங்கே போனது?

முன்னால் வரும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போனது. இத்தாலியிலும் பிரெஞ்சிலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ஒரு' என்ற பொருளில் உனா, ஊன் என்று ஒரு சிறு சொல் வரும். 'உனா நரான்ச்சா' என்று வேகமாகச் சொல்லும்போது இரண்டு ந-க்கள் அடுத்தடுத்து வருகின்றன. கேட்பவருக்கு ஒன்றுதான் காதில் விழுகிறது. அது முன் சொல்லைச் சேர்ந்தது என்று அவர் எடுத்துக்கொண்டால், மிச்சம் அரான்ச்சா. நடந்தது இதுதான்.

ஆங்கிலத்தில் ஏப்ரன் என்ற சொல்லுக்கும் இதே கதி. முதலில் அது நேப்ரன், நாப்கினுக்கு உறவுக்காரச் சொல். 'எ நேப்ரன்' என்பதை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டார்கள், ந போய்விட்டது. ஆனால் ஆரஞ்சில் இது ஆங்கிலத்துக்குள் நடக்கவில்லை. ஆங்கிலேயர்கள் கைக்கு வரும்போதே அது ந இல்லாமல்தான் வந்தது. 'எ நாரஞ்ச் என்பதுதான் ஆன் ஆரஞ்ச் ஆனது' என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு.

ஸ்பானிய மொழியும் ஹங்கேரிய மொழியும் ந-வை விடவில்லை. ஹங்கேரியில் நரஞ்ச். வெனிஸ் பக்கத்துப் பேச்சுமொழியிலும் நரான்சா என்று ந இருக்கிறது. போர்ச்சுக்கீசியத்தில் அது ல-வாக மாறி லரான்ஷா ஆனது. பாஸ்க், மால்ட்டீஸ் மொழிகளிலும் ல-தான்.

பிரெஞ்சில் 'ஓர்' என்றால் தங்கம். தங்க நிறப் பழம் என்பதால்தான் ஒரான்ஷ் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சரியா?

பாதி சரி. சொல்லின் பிறப்பு தங்கத்தில் இல்லை. ஆனால் வளர்ப்பில் தங்கத்துக்குப் பங்கு உண்டு. ந போன பிறகு சொல் 'அர' என்று தொடங்க வேண்டியது. பழத்தின் நிறத்தைப் பார்த்தவர்களுக்குத் தங்கத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லான அவுரும் நினைவுக்கு வர, அது 'அவுர', 'ஒ' என்று வளைந்திருக்கிறது. இடைக்கால லத்தீனில் எழுதியவர்கள் 'போமும் அவுரான்டியும்' என்றே எழுதினார்கள், தங்கப் பழம் என்று காதில் விழும்படி. கசப்பு ஆரஞ்சின் தாவரப் பெயரில் இன்றும் அவுரான்டியும் இருக்கிறது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக் கேட்பது எல்லா மொழிக்காரர்களுக்கும் உள்ள பழக்கம்.

ஸ்வீடனிலும் ரஷ்யாவிலும் அபெல்சீன் என்கிறார்களே, அது என்ன சொல்?

சீன ஆப்பிள்.

கொஞ்சம் விளக்கம் தேவை. அரபு வழியாக முதலில் வந்தது கசப்பு ஆரஞ்சு. வாயில் போட்டு மெல்ல முடியாது. தோலை ஊற வைக்கலாம், பூவிலிருந்து வாசனைத் தைலம் எடுக்கலாம். இனிப்பு ஆரஞ்சு 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 16ஆம் நூற்றாண்டிலும்தான் ஐரோப்பாவில் பரவியது. அதைக் கிழக்குக் கடல் வழியாகக் கொண்டுவந்து பரப்பியதில் போர்ச்சுக்கீசியக் கப்பல்காரர்களுக்குப் பெரிய பங்கு. வடக்கே வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பழம் ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் துறைமுகங்கள் வழியாக வந்து சேர்ந்தது. சீனாவிலிருந்து வரும் பழம் என்று டச்சு வியாபாரிகள் அப்பல்சீனா என்றார்கள். இன்றைய டச்சில் இரண்டு பாதியும் இடம் மாறி சினாஸாப்பல் ஆகியிருக்கிறது. பெல்ஜியத்தின் டச்சுப் பேச்சில் அப்பல்சீன் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்தத் துறைமுகங்களிலிருந்து சரக்கு போன திசையெல்லாம் சொல்லும் போனது. டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா, ரஷ்யா, ஐஸ்லாந்து. வரைபடத்தில் பார்த்தால் பால்டிக் கடலையும் வட கடலையும் சுற்றி ஒரு வளையம் போட்ட மாதிரி இருக்கும். கப்பல் வழி அப்படியே சொல்லில் பதிந்திருக்கிறது.

ஜெர்மனியில் அப்ஃபெல்ஸீனெ என்று படித்தேன், கடையில் ஒராங்ஷெ என்று எழுதியிருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. வடக்கே கப்பலில் வந்ததால் அப்ஃபெல்ஸீனெ. தெற்கிலும் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் இத்தாலி, பிரான்ஸ் பக்கத்துச் செல்வாக்கால் ஒராங்ஷெ. ஒரே மொழிக்குள் இரண்டு வியாபாரப் பாதைகள். இப்போது ஒராங்ஷெதான் எங்கும் பெருகி வருகிறது. எழுதும்போது எதை எழுதினாலும் மதிப்பெண் குறையாது.

ஏன் எல்லாவற்றையும் ஆப்பிள் என்கிறார்கள்?

புதிதாக வந்த உருண்டையான எதையும் அப்படித்தான் அழைத்தார்கள். பிரெஞ்சில் உருளைக்கிழங்கு 'மண் ஆப்பிள்', இத்தாலியில் தக்காளி 'தங்க ஆப்பிள்'. பழைய மொழிகளில் ஆப்பிளுக்கான சொல் பொதுவாகப் பழத்தையும் குறித்தது என்பதால் அவர்களுக்கு அதில் வினோதம் எதுவும் தெரியவில்லை.

கிரேக்கத்தில் போர்டோகாலி என்கிறார்கள். போர்ச்சுகல் நாட்டோடு தொடர்பு உண்டா?

அதே போர்ச்சுகல்தான். கிழக்கு மத்தியதரைக்கடல் ஊர்களுக்கு இனிப்பு ஆரஞ்சு போர்ச்சுக்கீசியச் சரக்காக அறிமுகமானது. கிரேக்கத்தில் போர்டோகாலி, அல்பேனியாவில் போர்ட்டோகால், பல்கேரியாவில் போர்த்தொகால், ருமேனியாவில் போர்ட்டொகாலெ, துருக்கியில் போர்ட்டகால், அரபியில் புர்துகால். இத்தாலிக்குள்ளேயே நேப்பிள்ஸ் பக்கத்துப் பேச்சுமொழியில் புர்த்துவால்லோ.

அரபியைக் கவனியுங்கள். ஐரோப்பாவுக்கு நாரஞ்ஜ் என்ற சொல்லைக் கொடுத்தவர்களே அவர்கள்தான். சில நூற்றாண்டுகள் கழித்து அதே ஐரோப்பாவிலிருந்து இனிப்புப் பழத்தின் பெயரை வாங்கிக்கொண்டார்கள். பழைய சொல் கசப்புக்கு, புதிய சொல் இனிப்புக்கு என்று பாகம் பிரித்துவிட்டார்கள். பாரசீகத்திலும் கிரேக்கத்திலும் இப்படியே. ஏதென்ஸ் நகரத் தெருக்களில் வரிசையாக நிற்பவை நெராண்ட்ஸி மரங்கள். போர்டோகாலி என்று நினைத்துப் பறித்துக் கடித்தால் முகம் கோணிப்போகும்.

போர்ச்சுகலில் என்ன சொல்வார்கள்?

லரான்ஷா. தங்கள் நாட்டுப் பெயரையே பழத்துக்கு வைத்துக்கொள்ள அவர்களுக்குக் காரணம் இல்லை.

பொமராஞ்ச்சாவுக்கும் பொமரேனியன் நாய்க்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. போலந்தின் பொமராஞ்ச்சா, செக் மொழியின் பொமெராஞ்ச், செர்பியாவின் பொமோராண்ஜா எல்லாம் பழம் என்ற பொருளுள்ள போமோவும் அரான்ச்சாவும் சேர்ந்த பழைய இத்தாலியக் கூட்டுச்சொல்லிலிருந்து வந்தவை. அதாவது 'ஆரஞ்சுப் பழம்'. ஜெர்மனில் பொமெரான்ட்ஸெ என்றால் கசப்பு ஆரஞ்சு மட்டும். பொமரேனியா என்பது பால்டிக் கரையிலுள்ள பகுதியின் பெயர். ஸ்லாவிய மொழியில் 'கடலோரம்' என்ற பொருளில் வந்தது. நாய்க்குப் பெயர் அந்த ஊரால்.

பார்சிலோனா பக்கத்துக் கேட்டலன் மொழியில் ஆரஞ்சைத் தரோன்ஜா என்கிறார்களே, அது எந்தக் கட்சி?

எந்தக் கட்சியிலும் இல்லை. கடாரங்காய் போன்ற பெரிய எலுமிச்சை இனத்தைக் குறிக்கும் இன்னோர் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதே சொல் ஸ்பானிய மொழியில் தொரோங்ஹா ஆகி, மெக்சிகோ போன்ற நாடுகளில் கிரேப்ஃப்ரூட்டைக் குறிக்கிறது. பார்சிலோனா சந்தையில் ஒரு பெயர்ப்பலகை, மெக்சிகோ சந்தையில் ஒரு பெயர்ப்பலகை, ஒலி ஏறக்குறைய ஒன்று, பழம் வேறு. அங்கே போகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்.

நிறம் முதலில் வந்ததா, பழம் முதலில் வந்ததா?

பழம். ஐரோப்பாவில் பழம் வருவதற்கு முன்னால் அந்த நிறத்துக்குத் தனிச் சொல் பல மொழிகளில் இல்லை. பழைய ஆங்கிலத்தில் தேவைப்பட்டால் 'மஞ்சள்சிவப்பு' என்று பொருள்படும் கூட்டுச்சொல்லைச் சொன்னார்கள். நம் செம்மஞ்சளை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி. இல்லாவிட்டால் சிவப்பு என்றே சொல்லிவிடுவார்கள். ராபின் குருவியின் படத்தை ஒருமுறை பாருங்கள். நெஞ்சு நல்ல ஆரஞ்சு நிறம். ஆங்கிலத்தில் அதற்கு இன்றும் 'சிவப்பு நெஞ்சுக் குருவி' என்று பெயர். நரி, அணில், தலைமுடி எல்லாவற்றிலும் அந்த ஆரஞ்சைச் சிவப்பு என்றே அழைக்கிறார்கள். பெயர் வைத்த காலத்தில் வேறு சொல் கையில் இல்லை. பழத்தின் பெயர் நிறத்தின் பெயராக ஆங்கிலத்தில் நிலைத்தது 16ஆம் நூற்றாண்டில்தான்.

மற்ற மொழிகளில் இது ஒரே மாதிரி நடக்கவில்லை. டச்சில் பழம் சினாஸாப்பல், நிறம் ஒரான்யே. ரஷ்யாவில் பழம் அபில்சீன், நிறத்தின் பெயர் பிரெஞ்சு ஒரான்ஷிலிருந்து வந்தது. ஸ்வீடனில் முன்பு 'நெருப்பு மஞ்சள்' என்று ஒரு சொந்தச் சொல் இருந்தது, இன்று அதைப் பெரும்பாலும் ஒரான்ஷ் தள்ளிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது ஐஸ்லாந்து. அங்கே நிறத்தின் பெயர் அப்பல்சீனு-குலூர். பிரித்துப் பார்த்தால் 'சீன ஆப்பிள் மஞ்சள்'. ஒரு நிறத்தைச் சொல்ல ஒரு நாடு, ஒரு பழம், இன்னொரு நிறம்.

நெதர்லாந்து ஆட்டக்காரர்கள் ஆரஞ்சுச் சட்டை போடுவது பழத்தாலா?

ஊரால். தெற்குப் பிரான்சில் ஆரஞ்ச் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர் கட்டிய அரங்கம் ஒன்று நெடிய கல்சுவரோடு இன்னும் நிற்கும் ஊர். அதன் பழைய பெயர் அரவுசியோ. பழம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கி.மு. 105இல், ரோமானியப் படை அங்கே மோசமாகத் தோற்றது. காலப்போக்கில் அரவுசியோவின் ஒலி தேய்ந்து, பழத்தின் பெயருக்குப் பக்கத்தில் வந்து, கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தற்செயலாக ஒத்துப்போன இரண்டு சொற்கள்.

1163இல் அந்த ஊர் ஒரு சிற்றரசானது. 1544இல் நசாவு குடும்பத்து வில்லியமுக்கு அது வாரிசுரிமையாக வந்தது. ஸ்பெயினை எதிர்த்து டச்சுக்காரர்களை வழிநடத்திய அதே வில்லியம்தான். குடும்பப் பெயர் ஆரஞ்ச்-நசாவு ஆனது. பெயர் இப்படி இருக்க, நிறமும் தானாகச் சின்னமானது. 1713இல் ஊர் பிரான்சுக்குப் போய்விட்டது. பெயரும் நிறமும் குடும்பத்திடமே தங்கிவிட்டன. அரசர் பிறந்தநாளான ஏப்ரல் 27 அன்று நெதர்லாந்து முழுக்க ஆரஞ்சு மயம்.

அந்த நிறம் போன தூரத்தைப் பாருங்கள். இதே குடும்பத்து மூன்றாம் வில்லியம் 1689இல் இங்கிலாந்தின் அரசரானார். அவரை ஆதரித்த புராட்டஸ்டன்டுகளின் நிறமாக ஆரஞ்சு அயர்லாந்துக்குப் போய், இன்று அந்நாட்டுக் கொடியின் ஒரு பட்டையாக இருக்கிறது. நியூயார்க் ஒரு காலத்தில் டச்சு ஊர் என்பதால் அந்த நகரத்தின் கொடியிலும் ஆரஞ்சு. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்ச் ஆற்றுக்கு 1779இல் பெயர் வைத்ததும் இந்தக் குடும்பத்தின் நினைவாகத்தான். ஆற்றுத் தண்ணீரின் நிறத்தால் அல்ல.

அப்புறம், இந்த அரச குடும்பத்தைக் கௌரவிக்கவே கேரட்டை ஆரஞ்சு நிறத்தில் விளைவித்தார்கள் என்ற கதைக்குச் சான்று கிடையாது. கேரட் ஆரஞ்சு நிறமானதில் டச்சு விவசாயிகளுக்குப் பங்கு உண்டு. ராஜபக்தி பின்னால் ஒட்டிய கதை.

பழத்தைத் தாண்டி வேறு என்ன பொருளில் வருகிறது?

ஸ்பெயினில் 'என் பாதி ஆரஞ்சு' என்றால் வாழ்க்கைத் துணை. பழத்தைக் குறுக்கே வெட்டி, இரண்டு பாதியையும் திரும்ப ஒட்டிப் பாருங்கள். அந்தப் பாதிக்கு இந்தப் பாதிதான் சுளைக்குச் சுளை பொருந்தும், வேறு பழத்தின் பாதி பொருந்தாது. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் இதை யாரும் போட மாட்டார்கள், ஆனால் அருமையான சொல்.

சிசிலியில் அரான்சீனி என்றால் 'குட்டி ஆரஞ்சு'. சோற்றை உருண்டை பிடித்து, உள்ளே கறி வைத்து, எண்ணெயில் பொரித்தெடுக்கும் பலகாரம். உருவமும் நிறமும் அப்படியே பழம்தான். பிரெஞ்சில் ஒரான்ஷெரீ என்றால் குளிர் காலத்தில் ஆரஞ்சு மரங்களைக் காப்பாற்றும் கண்ணாடிச் சன்னல் மண்டபம். வெர்சாய் அரண்மனையில் 1680களில் கட்டியது பிரபலம். ரஷ்ய மொழியில் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்கே அதுதான் பெயர். பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் ஒரானியென்பாவும், அதாவது 'ஆரஞ்சு மரம்' என்ற பெயரில் ஓர் அரண்மனையும் இருக்கிறது. அந்தக் குளிரில் வெளியே ஆரஞ்சு காய்க்காது. செல்வம் இருப்பதைக் காட்ட ஆரஞ்சு மரம் வளர்த்த காலம் அது.

தமிழில் ஆரஞ்சு என்று எழுதலாமா? வேறு சொல் இல்லையா?

தாராளமாக எழுதலாம். கடையில் அதுதான் சொல். கமலா ஆரஞ்சு, சாத்துக்குடி என்று வகை பிரித்துச் சொல்லவும் வழக்கு இருக்கிறது. பழைய புத்தகங்களில் கிச்சிலிப்பழம் என்று வரும். கன்னடத்தில் இன்றும் கித்தளே. இலங்கைத் தமிழர்கள் தோடம்பழம் என்பார்கள், சிங்களத்தில் தொடம். யாழ்ப்பாணத்துக்காரரிடம் ஆரஞ்சு கேட்டால் புரியும். தோடம்பழம் என்றால் முகம் மலரும்.

நாரத்தங்காயை ஒரு ஜெர்மன்காரருக்கு எப்படிச் சொல்வது?

பொமெரான்ட்ஸெ என்று சொல்லுங்கள். கசப்பு, புளிப்பு, தடித்த தோல், ஊறுகாய்க்கும் மிட்டாய்க்கும் மட்டுமே லாயக்கு என்பதெல்லாம் அவருக்கு உடனே புரிந்துவிடும். பக்கத்தில் உப்பு நாரத்தங்காய் ஒரு துண்டு இருந்தால் இன்னும் நல்லது. வெயிலில் காய்ந்து கறுத்துச் சுருண்ட துண்டைத் தயிர்சாதத்தோடு கொடுங்கள். அவர் பொமெரான்ட்ஸெ என்று சொல்லிக் கொண்டே கடிப்பார். அந்தச் சொல்லின் பின்பாதி அரான்ச்சா, அதற்குப் பின்னால் நாரஞ்ஜ், அதற்கும் பின்னால் நாரங்க. அவர் வாயில் இருக்கும் சொல்லும் பல்லில் இருக்கும் காயும் தூரத்துச் சொந்தம்.